மருத்துவமனை மருந்தகம்: ரேக், ஃபிரிட்ஜ், இண்டென்ட் – தவறு நுழையும் வழிகளும் அடைக்கும் முறைகளும்

மருந்து மாறிப்போனால் முதலில் எழும் கேள்வி, "யார் எடுத்துக் கொடுத்தது?" என்பதுதான். ஒருவருக்கு மெமோ போகும், விவகாரம் முடிந்துவிடும். ஆனால் மாறிப்போன அந்த இரண்டு ஆம்பூல்களும் (ஊசி மருந்து அடைத்த சிறு குப்பிகள்) அதே தட்டில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். அடுத்த இரவு ஷிஃப்டில் வேறொருவர் அதே தட்டில் கைவைப்பார். ஆகவே ஆளைத் திருத்துவதற்கு முன் இடத்தைத் திருத்த வேண்டும். ஐம்பது முதல் நூறு படுக்கை வரை உள்ள மருத்துவமனையில், பெரிய செலவில்லாமல் அதை எப்படிச் செய்வது என்பதே இந்தக் கட்டுரை.

ரேக்கிலிருந்து தொடங்குவோம்

ஆங்கில அகர வரிசையில் அடுக்கினால் தேடுவது சுலபம். ஆனால் பெயர் ஒத்த மருந்துகள் எல்லாம் அடுத்தடுத்து வந்து நிற்கும்: டோபமின் – டோபுட்டமின், ஹைட்ரலசின் – ஹைட்ராக்சிசின், அசத்தியோபிரின் – அசித்ரோமைசின். கம்பெனி வாரியாக அடுக்கினால் இன்னும் மோசம். ஒரு கம்பெனி தன் ஊசி மருந்துகள் பலவற்றுக்கும் ஒரே டிசைனில், ஒரே நிறத்தில் அட்டைப்பெட்டி போட்டிருக்கும். பெயர் மட்டும்தான் வேறு.

அகர வரிசையை முழுவதும் கைவிட வேண்டியதில்லை. அதிலிருந்து ஆபத்தானவற்றை மட்டும் உருவி எடுத்துத் தனி அலமாரியில் வையுங்கள். எவை என்று முடிவு செய்ய உங்கள் மருத்துவமனையின் கடந்த மூன்று மாத இண்டென்ட்களை, அதாவது வார்டுகள் மருந்து கேட்டு அனுப்பிய சீட்டுகளைப் பாருங்கள். பொட்டாசியம் குளோரைடு, இன்சுலின், ஹெப்பாரின், மார்ஃபின், ஃபென்டனில், மக்னீசியம் சல்ஃபேட், அடர் சோடியம் குளோரைடு, தசை தளர்த்தும் ஊசிகள், நோரட்ரினலின், புற்றுநோய் மருந்துகள், மெத்தோட்ரெக்சேட் மாத்திரை ஆகியவை அநேகமாக எல்லா இடத்திலும் வரும். பட்டியல் பதினைந்தைத் தாண்ட வேண்டாம். அறுபது மருந்துக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய மருந்தகத்தில் யார் கண்ணுக்கும் சிவப்பு தெரியாது.

பெயர் ஒத்தவற்றின் இடையே வேறு தட்டு வர வேண்டும். பழைய இடத்தில் "டோபுட்டமின் – 4ஆம் ரேக், 2ஆம் தட்டு" என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். இல்லாவிட்டால் புதிதாக வந்தவர் ஸ்டாக் இல்லை என்று சொல்லிவிடுவார். தட்டின் லேபிளில் பெயரின் வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்: DOPamine, DOBUTamine என்பதுபோல். கம்ப்யூட்டர் பில்லிங்கிலும் இதே வேலை உண்டு. முதல் இரண்டு எழுத்தை அடித்ததும் பட்டியலில் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். அம்புக்குறி ஒரு வரி தவறினால் போதும். மென்பொருள்காரரிடம் சொல்லி, குறைந்தது ஐந்து எழுத்து அடித்தால்தான் பட்டியல் விரியும்படி மாற்றச் சொல்லுங்கள்.

பொட்டாசியம் குளோரைடு

நம் ஊரில் வரும் ஆம்பூல் பெரும்பாலும் 10 மி.லி., மி.லி.க்கு 150 மி.கி. அதாவது ஒரு ஆம்பூலில் 1.5 கிராம், 20 மில்லி ஈக்விவலன்ட் (பொட்டாசியத்தை அளக்கும் அலகு). இதை நீர்க்காமல் நேராக நரம்பில் (சிரை இரத்தக்குழாயில்) ஏற்றினால் இதயம் நின்றுவிடும். பார்வைக்கோ 10 மி.லி. ஊசித் தண்ணீர் ஆம்பூல் மாதிரியே தெளிவான திரவம். ஆன்டிபயாட்டிக் பொடியைக் கரைக்கத் தண்ணீர் ஆம்பூல் தேடும் கை, தட்டில் இது கலந்து கிடந்தால் இதையும் எடுக்கும்.

செய்ய வேண்டியவை:

பொது வார்டுகளின் ஸ்டாக்கிலிருந்து இந்த ஆம்பூலை முழுவதும் எடுத்துவிடுங்கள். ஐ.சி.யூ.விலும் டயாலிசிஸிலும் மட்டும், பூட்டிய டப்பாவில், எண்ணிக்கை எழுதி வைக்கலாம். வார்டுக்கு வேண்டுமென்றால் நோயாளி பெயருடன் இண்டென்ட் வர வேண்டும். அன்றைய தேவைக்கு மட்டும் கொடுங்கள். சிஸ்டர்கள் முதலில் முணுமுணுப்பார்கள், நியாயம்தான். இரவு இரண்டு மணிக்கு மருந்தகம் வரை ஒருவரை அனுப்ப வேண்டியிருக்கும். ஆனால் பொட்டாசியம் ஐந்து நிமிடத்தில் கொடுத்தே தீரவேண்டிய மருந்து அல்ல.

ஒவ்வொரு ஆம்பூலிலும் "நீர்த்த பிறகே ஏற்ற வேண்டும்" என்ற ஸ்டிக்கரை மருந்தகத்திலேயே ஒட்டி அனுப்புங்கள். பெட்டியில் ஒட்டிப் பயனில்லை. பெட்டி குப்பைக்குப் போய், ஆம்பூல் மட்டும் டிரேயில் இருக்கும்.

கணக்கு: 500 மி.லி. பாட்டிலில் ஒரு ஆம்பூல் சேர்த்தால் லிட்டருக்கு 40 மில்லி ஈக்விவலன்ட் அடர்த்தி. கை நரம்பில் ஏற்ற வழக்கமான மேல்வரம்பு இதுதான். வார்டில் வேகம் மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட்டைத் தாண்டக் கூடாது. எனவே அந்தப் பாட்டில் இறங்கக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஆக வேண்டும். இதைவிட அடர்த்தியாகவோ வேகமாகவோ வேண்டுமென்றால் மத்திய நரம்புக் குழாயும் இடைவிடாத ஈ.சி.ஜி. கண்காணிப்பும் உள்ள இடத்தில்தான். ஆர்டர் இதைத் தாண்டி வந்தால் மருந்தைக் கொடுப்பதற்கு முன் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு சிக்கல் கலக்கும் விதத்தில் இருக்கிறது. ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் ஊசியால் பொட்டாசியத்தைச் செலுத்தினால், அது கனமானதால் அடியில், குழாய் வாய்ப்பக்கமே தங்கும். முதல் சில மி.லி.யிலேயே பெரும்பகுதி உள்ளே போய்விடும். அளவு சரி, நீர்த்ததும் சரி, ஆனாலும் விபத்து. பாட்டிலைக் கழற்றி, மருந்தைச் சேர்த்து, குறைந்தது பத்து முறை தலைகீழாகத் திருப்பிக் கலக்கிய பிறகே மாட்ட வேண்டும். இந்த வரியையும் ஸ்டிக்கரில் அச்சிடலாம்.

இன்சுலினும் சிரிஞ்சும்

இந்தியாவில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் மி.லி.க்கு 40 யூனிட். பேனா கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். 100 யூனிட் குப்பிகளும் சந்தையில் உண்டு. சிரிஞ்சும் இரண்டு வகை: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. ஒரே டப்பாவில் இரண்டையும் போட்டு வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 20 யூனிட் ஆர்டர். 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் அது அரை மி.லி., உள்ளே போவது 50 யூனிட். மாறாக 40 யூனிட் மருந்தை 100 சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 0.2 மி.லி., போவது 8 யூனிட்தான். முதல் நோயாளிக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். இரண்டாமவருக்கு ஏன் சர்க்கரை குறையவே இல்லை என்று டோஸை ஏற்றிக்கொண்டே போவார்கள்.

ஒரே வழி: வார்டுக்கு ஒரே அடர்த்திக் குப்பி, ஒரே வகைச் சிரிஞ்ச். குப்பியும் சிரிஞ்சும் ஒரே பையில் சேர்ந்தே போக வேண்டும். பர்ச்சேஸ் பிரிவு விலை குறைவென்று மற்ற வகைச் சிரிஞ்சை வாங்கிவிடாதபடி, கொள்முதல் பட்டியலிலேயே அதை நீக்குங்கள். சாதாரண 2 மி.லி. சிரிஞ்சில் இன்சுலின் இழுப்பதும், பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சுவதும் கூடவே கூடாது.

திறந்த குப்பியில் திறந்த தேதியையும் தூக்கியெறிய வேண்டிய தேதியையும் எழுதுங்கள். பெரும்பாலான இன்சுலின்களுக்கு அது 28 நாள். சிலவற்றுக்கு வேறுபடும், லேபிளைப் பார்க்கவும். அட்டைப்பெட்டியின் எக்ஸ்பயரி தேதி திறக்காத குப்பிக்குத்தான் பொருந்தும்.

ஹெப்பாரின், ஓ.டி. (அறுவை அரங்கு) டிரே, பிரசவ அறை

ஹெப்பாரின் 5 மி.லி. குப்பி இரண்டு அடர்த்தியில் வருகிறது: மி.லி.க்கு 1000 யூனிட், மி.லி.க்கு 5000 யூனிட். உயரமும் பருமனும் ஒன்றே. 5000 யூனிட் கொடுக்க முதலாவதில் 5 மி.லி., இரண்டாவதில் 1 மி.லி. மாறினால் ஐந்து மடங்கு. வார்டுக்கு ஒரே அடர்த்தி என்ற இன்சுலின் விதியே இதற்கும்.

அறுவை அரங்கில் டிரேயை நிரப்பி அனுப்புவது மருந்தகம் என்றால், அங்கே கவனிக்க வேண்டிய முதல் ஜோடி, இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட்டும், மரத்துப்போக முதுகுத் தண்டில் போடும் ஹெவி புப்பிவகெயினும். இரண்டும் தெளிவான திரவ ஆம்பூல்கள். சிசேரியனில் இரண்டும் தேவைப்படுவதால் ஒரே டிரேயில் வந்து சேர்கின்றன. டிரானெக்சாமிக் ஆசிட் தண்டுவட நீரில் போனால் வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு, மரணம் வரை போகும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. டிரானெக்சாமிக் ஆசிட்டை மயக்க மருந்து டிரேயில் வைக்கவே வேண்டாம். அறையின் வேறு பக்கத்தில், தனி டப்பாவில்.

அடுத்தது அட்ரினலினும் அட்ரோபினும்: இரண்டும் 1 மி.லி. ஆம்பூல், அவசரத்தில் ஒன்றாகவே தேடப்படுபவை. நுரை அட்டையில் குழி வெட்டி, குழிக்கு அடியில் பெயர் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நிலையான இடம் கொடுங்கள். இரண்டு ஆம்பூலையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள்.

பிரசவ அறையில் தாய்க்கான மெத்தில்எர்கோமெட்ரினும் குழந்தைக்கான வைட்டமின் கே ஊசியும் பக்கத்தில் இருக்கக் கூடாது. தாய்க்கானது பிறந்த குழந்தைக்குப் போன சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. குழந்தைக்கான மருந்துகளை வார்மர் (பிறந்த குழந்தையைச் சூடாக வைக்கும் மேசை) பக்கம் தனித் தட்டில் வைத்தால் இந்த வழி அடைபடும்.

வலிப்புடன் வரும் கர்ப்பிணிக்கான மக்னீசியம் சல்ஃபேட்டை உதிரியாக வைப்பதைவிடக் கிட்டாகக் கட்டிக் கொடுப்பது நல்லது. 50 சதவீத 2 மி.லி. ஆம்பூலில் 1 கிராம். முதல் தவணை நரம்பில் 4 கிராம், இரண்டு பிட்டத்திலும் தலா 5 கிராம் என்ற முறையைப் பின்பற்றும் இடத்தில் 14 ஆம்பூல் வேண்டும். நரம்புக்கான 4 கிராம் என்பது 8 மி.லி.; அதனுடன் 12 மி.லி. சலைன் அல்லது ஊசித் தண்ணீர் சேர்த்தால் 20 சதவீதக் கரைசல் 20 மி.லி. கிடைக்கும், அதை மெதுவாகச் செலுத்த வேண்டும். இந்தக் கணக்கை அச்சிட்டுக் கிட்டின் மூடியில் ஒட்டுங்கள். உள்ளே 10 மி.லி. கால்சியம் குளுக்கோனேட் ஆம்பூல் ஒன்று கட்டாயம். அதுதான் மக்னீசியம் கூடிவிட்டால் கொடுக்கும் முறிவு மருந்து. அது இல்லாத கிட்டுக்குச் சீல் வைக்காதீர்கள்.

வின்கிரிஸ்டின் (நரம்பில் மட்டுமே ஏற்ற வேண்டிய புற்றுநோய் மருந்து) கொடுக்கும் இடங்களுக்கு ஒரே வரி: சிரிஞ்சில் அனுப்பாமல், 50 மி.லி. பையில் நீர்த்தே அனுப்புங்கள். பையை யாரும் தண்டுவடத்தில் செலுத்த முடியாது.

ஃபிரிட்ஜ்

இரண்டு முதல் எட்டு டிகிரி என்று எல்லோருக்கும் தெரியும். சூட்டைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். உறைதல் அதைவிட மோசமான எதிரி. உறைந்து உருகிய இன்சுலின், டி.டி., ஹெபடைடிஸ் பி தடுப்பூசி ஆகியவை பார்வைக்கு ஏறக்குறைய அப்படியே இருக்கும், வேலை செய்யாது. வீட்டு உபயோக ஃபிராஸ்ட்-ஃப்ரீ ஃபிரிட்ஜில் பின்சுவரில் குளிர்காற்று வரும் துளை இருக்கும். அதை ஒட்டி வைத்த பெட்டிதான் முதலில் உறையும். சுவரிலிருந்து நான்கு விரல் இடைவெளி விடுங்கள். கதவுத் தட்டில் மருந்தே வேண்டாம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடாவது அந்த இடம்தான். காய்கறிப் பெட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தண்ணீர் பாட்டில்களை அடுக்குங்கள். கரண்ட் போனால் குளிரைத் தாங்குவது அவைதான். யாருடைய சாப்பாட்டு டப்பாவும் உள்ளே போகக் கூடாது. எவ்வளவு வேண்டியவருடையதாக இருந்தாலும்.

தெர்மாமீட்டர் குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் காட்டும் டிஜிட்டல் வகையாக இருக்கட்டும். உணரியை கிளிசரின் நிரப்பிய சிறு குப்பிக்குள் வைத்தால், கதவு திறந்த காற்றின் சூட்டைக் காட்டாமல் மருந்தின் சூட்டைக் காட்டும். காலை, மாலை இரு வேளையும் தற்போதையது, குறைந்தபட்சம், அதிகபட்சம் என மூன்று எண்களையும் எழுதி, எழுதியதும் ரீசெட் அழுத்த வேண்டும். ரீசெட் அழுத்தாவிட்டால் போன மாதத்து 11 டிகிரியே தினமும் வந்துகொண்டிருக்கும். முப்பது நாளும் 5.0, 5.0 என்று ஒரே பேனாவில் எழுதிய சார்ட்டைப் பார்த்தால் தெர்மாமீட்டரை அல்ல, எழுதியவரைத்தான் சோதிக்க வேண்டும்.

எல்லை தாண்டிவிட்டால்: மருந்தைத் தூக்கியெறிய வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். "பயன்படுத்தாதே" என்று எழுதிய பையில் போட்டு, வேலை செய்யும் ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொண்டு, பேட்ச் நம்பருடன் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். உறைந்ததற்கு இந்த நடைமுறை இல்லை, நேராக அழிப்புதான்.

இண்டென்ட், வாய்மொழி ஆர்டர், வெட்டிய ஸ்ட்ரிப்

யூனிட் என்பதற்கு ஆங்கில முதல் எழுத்தை மட்டும் போட்டால் அது பூஜ்யமாகப் படிக்கப்படும்: 4 யூனிட், 40 ஆகிவிடும். புள்ளிக்கு முன் பூஜ்யம் கட்டாயம் (0.5), முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் பூஜ்யமும் கூடாது (5 மட்டும், 5.0 அல்ல). இப்படி வந்த இண்டென்ட்டை ஊகித்துக் கொடுக்காமல் திருப்பி அனுப்புவதை ஒரு மாதம் விடாமல் செய்தால் எழுதும் பழக்கம் மாறும். முதல் வாரம் சண்டை இருக்கும்.

போனில் வரும் ஆர்டரை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டி, "சரி" என்ற பதில் வாங்கிய பிறகே எடுக்க வேண்டும். எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள்: ஆங்கிலத்தில் பதினைந்தும் ஐம்பதும் போனில் ஒன்றுபோலவே ஒலிக்கும். ஆபத்து மருந்துப் பட்டியலில் உள்ளவற்றை, உயிர் காக்கும் அவசரம் தவிர, போன் ஆர்டரில் கொடுக்க வேண்டாம்.

மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு முறைதான். கேஸ் ஷீட்டில் தினமும் ஒன்று என்று வந்தால் நிறுத்திக் கேளுங்கள். டிஸ்சார்ஜில் கொடுக்கும்போது கவரில் "புதன்கிழமை மட்டும்" என்று கிழமையின் பெயரையே எழுதுங்கள். நான்கு வாரத்துக்கு மேல் ஒரே தடவையில் தர வேண்டாம். கூடவே போகும் ஃபோலிக் ஆசிட்டும் சிறிய மஞ்சள் மாத்திரை. கவரைத் தனித்தனியாகப் போடுங்கள்.

எந்தக் கரைசலில் கலப்பது என்பதும் மருந்தகம் சொல்ல வேண்டிய விஷயம். ஃபெனிடாயின் சலைனில் மட்டும். டெக்ஸ்ட்ரோஸில் போட்டால் படிகமாகப் படியும். அமியோடரோன், ஆம்ஃபோடெரிசின் பி ஆகியவை டெக்ஸ்ட்ரோஸில். செஃப்ட்ரியாக்சோனைக் கால்சியம் உள்ள ரிங்கர் லாக்டேட்டுடன் கலக்கக் கூடாது. பிறந்த குழந்தைகளில் இது உயிர்ப்பிரச்சினை. இந்த நான்கை மட்டும் அட்டையில் அச்சிட்டு எல்லா நர்சிங் ஸ்டேஷனிலும் மாட்டுங்கள்.

ஸ்ட்ரிப்பை வெட்டும்போது பேட்ச் நம்பரும் எக்ஸ்பயரியும் அச்சான முனை மருந்தகத்தில் மிஞ்சும்படி, மறுமுனையிலிருந்து வெட்ட வேண்டும். நோயாளிக்குப் போகும் துண்டின் விவரம் கவரில் எழுதப்படட்டும். வார்டிலிருந்து திரும்பி வரும் துண்டு ஸ்ட்ரிப்பில் இவை தெரியாவிட்டால் ஸ்டாக்கில் சேர்க்காதீர்கள். ஃபிரிட்ஜ் மருந்து எதையும் வார்டிலிருந்து திரும்ப எடுக்க வேண்டாம். அது இடையில் எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

பதிவேடுகள்

ஷெட்யூல் எச்1 (டாக்டர் சீட்டின் பேரில் மட்டும், தனிப் பதிவேட்டில் எழுதி வழங்க வேண்டிய மருந்துகளின் பட்டியல்) விதி 2014 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. செஃப்ட்ரியாக்சோன், மெரோபெனெம், டிரமடால், அல்பிரசோலம், காசநோய் மருந்துகள் எல்லாம் இதில் அடக்கம். டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். மாதக் கடைசியில் பில்களைப் பார்த்து மொத்தமாக எழுதினால் எங்கோ எண்ணிக்கை உதைக்கும். டிரக் இன்ஸ்பெக்டர் முதலில் பார்ப்பதும் கொள்முதல் பில்லுக்கும் இந்தப் பதிவேட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான்.

மார்ஃபின், ஃபென்டனில் போன்றவை போதைப்பொருள் சட்டத்தின் (என்.டி.பி.எஸ்.) 2014 திருத்தத்துக்குப் பின் அத்தியாவசிய போதை மருந்துகள் என்ற வகையில் வருகின்றன. மருத்துவமனைக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அங்கீகாரம் தேவை. இரட்டைப் பூட்டு, இரண்டு பேரிடம் இரண்டு சாவி, ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் எண்ணிக் கையெழுத்து. திருட்டு நடக்கும் இடம் முழு ஆம்பூல் அல்ல, மிச்சம். 10 மி.கி. ஆம்பூலில் 5 மி.கி. போட்டிருந்தால் மீதி 5 மி.கி. என்ன ஆனது என்பதற்குத் தனிக் கட்டம் இருக்க வேண்டும். இன்னொருவர் முன்னிலையில் கொட்டி இருவரும் கையெழுத்திட வேண்டும். காலி ஆம்பூல் திரும்பி வந்தால்தான் அடுத்தது.

எக்ஸ்பயரி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: முதலில் காலாவதியாவது முன்னால் நிற்க வேண்டும், முதலில் வந்தது அல்ல. மூன்று மாதத்துக்கு முன்பே பிரித்து விநியோகஸ்தருக்குத் திருப்புங்கள். திருப்ப முடியாதது 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிப்படி மஞ்சள் பையில். கிராஷ் கார்ட்டையும் (அவசர சிகிச்சை மருந்து வண்டி) ஆம்புலன்ஸையும் மறந்துவிடுவார்கள்; காலாவதி மருந்து அதிகம் கிடைக்கும் இடங்கள் அந்த இரண்டும்தான்.

இரவு ஷிஃப்ட்

பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் மருந்து வழங்க வேண்டும் என்கிறது 1948 பார்மசி சட்டத்தின் 42ஆம் பிரிவு. இரவில் ஆள் இல்லை என்று வார்டு பாயிடம் சாவி கொடுப்பது சட்டத்துக்கும் பொருந்தாது, நோயாளிக்கும் ஆகாது. இரவு ஆள் போடவே முடியாத இடத்தில், மருத்துவக் கண்காணிப்பாளரின் எழுத்து அனுமதியோடு, இருபது அவசர மருந்துகள் மட்டும் உள்ள சீல் வைத்த இரவுப் பெட்டியை நர்சிங் மேற்பார்வையாளர் பொறுப்பில் வைக்கலாம். அதில் ஆபத்துப் பட்டியல் மருந்து கூடாது. நலோக்சோன், கால்சியம் குளுக்கோனேட், 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஆகிய முறிவு மருந்துகள் அந்த இருபதில் அவசியம் இருக்க வேண்டும். காலையில் முதல் வேலை அதை எண்ணி நிரப்புவது.

தவறு நடந்த பிறகு

ஒரு தவறு நடந்தால், அல்லது நடக்கப்போய் தப்பினால், பெயர் கேட்காத ஒரு பக்கப் படிவத்தில் மூன்று கேள்விகள் போதும்: எந்த மருந்துக்குப் பதில் எது, எந்த இடத்தில் இருந்தது, எங்கே கண்டுபிடிக்கப்பட்டது. மாதம் ஒரு முறை இவற்றை விரித்துப் பார்த்து ரேக்கில் எதை நகர்த்துவது என்று முடிவு செய்யுங்கள்.

மருந்தின் பாதகமான விளைவு என்று சந்தேகம் வந்தால், காசியாபாத்தில் உள்ள இந்தியன் பார்மகோபியா கமிஷன் நடத்தும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இலவச எண் 1800-180-3024. சந்தேகம் இருந்தாலே போதும், நிரூபிக்க வேண்டியதில்லை. படிவத்தில் நோயாளியின் பெயர்ச் சுருக்கம், விளைவு, மருந்து, தெரிவிப்பவர் ஆகியவை இல்லாவிட்டால் அறிக்கை செல்லாது. பேட்ச் நம்பரும் கேட்பார்கள். அதற்காகத்தான், விளைவு வந்த உடனே காலி ஆம்பூலையும் பெட்டியையும் குப்பைக்குப் போகவிடாமல் ஒரு கவரில் போட்டு மருந்தகத்துக்கு அனுப்பும்படி எல்லா வார்டுக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.